தழும்பு விழுந்தால் ஆறிவிட்டதா? கணையமும் வளர்ச்சிக் காரணிகளும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். நாள்பட்ட கணைய அழற்சி, கணையத்தில் நார்த்திசு, குழாயில் இரண்டு மூன்று சின்னக் கற்கள். இருபது வருடக் குடிப்பழக்கம் அவருக்கு. விட்டு இரண்டு வருடம் ஆகிறது. பீடி மட்டும் தொடர்கிறது.

"உள்ள தழும்பு விழுந்திருக்குன்னு டாக்டர் சொன்னாருப்பா. தழும்பு விழுந்தா புண்ணு ஆறிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

கையில் வெட்டுப்பட்டு ஆறின இடத்தைப் பார்த்த யாருக்கும் இப்படித்தான் தோன்றும். நான் அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் கணையத்தில் புண்ணை ஆற்றுகிற அதே பொருட்கள்தான், நேரம் தப்பினால், நோயை வளர்க்கிற பொருட்களாகவும் இருக்கின்றன. அவற்றின் பெயர் வளர்ச்சிக் காரணிகள்.

முதலில், அப்படின்னா என்ன?

1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் என்ற இருவர் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். நரம்புகளை வளரச் செய்யும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது நிறைய இருப்பது தெரியவந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப்.

அந்தச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டபோது கோஹன் இன்னொன்றையும் கவனித்தார். எலிக்குட்டி கண் திறக்க வழக்கமாக இரண்டு வாரம் ஆகும். இந்தக் குட்டிகள் ஒரே வாரத்தில் கண் திறந்துவிட்டன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. நரம்புக் காரணியால் இது நடக்காது, சாற்றில் வேறு ஏதோ இருக்கிறது என்று பின்தொடர்ந்து போனார். கிடைத்தது மேல்தோல் வளர்ச்சிக் காரணி, அதாவது இ.ஜி.எஃப். இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு காரணிகளும் கணையக் கதையில் திரும்பி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு சின்னப் புரதம். ஒரு செல் அதை வெளியே விடும், பக்கத்துச் செல் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கும் செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று ஓர் ஏற்பி இருக்கும். வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரி. காரணி வந்து பெல்லை அழுத்துகிறது, உள்ளே ஒரு சங்கிலித் தொடர் ஓடுகிறது, செல் பெருகுகிறது, நகர்கிறது, நார் நெய்கிறது, அல்லது செய்துகொண்டிருந்ததை நிறுத்துகிறது. ஆமாம், நிறுத்தவும் செய்யும். பெயரில் "வளர்ச்சி" இருப்பதால் எல்லாமே வளர்ப்பவை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே காரணி ஒரு வீட்டுக்கு "வேலையைத் தொடங்கு" என்றும், பக்கத்து வீட்டுக்கு "நிறுத்து" என்றும் சொல்லக்கூடும்.

கணையத்தில் புண் எப்படி வருகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் ஏறக்குறைய 15 செ.மீ. நீளச் சுரப்பி. இன்சுலின் சுரக்கும் திட்டுகளைத்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். ஆனால் எடையில் பார்த்தால் அவை நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மீதியில் பெரும்பகுதி செரிமான நொதி தயாரிக்கும் செல்கள். அந்த நொதிகளில் டிரிப்சின் மாதிரியானவை புரதத்தையே வெட்டுபவை. கணையமே புரதத்தால் ஆனது. அதனால் அவற்றைத் தூங்கும் நிலையில் தயாரித்து, குடலுக்குப் போன பிறகே விழிக்க வைப்பது உடம்பின் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு தவறினால் நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, தான் பிறந்த வீட்டையே தின்னத் தொடங்குகிறது. அதுதான் கணைய அழற்சி. பித்தக்கல் குழாயை அடைக்கலாம், மது செல்லைக் கெடுக்கலாம், பரம்பரை மரபணுக் குறை இருக்கலாம்.

ஒருமுறை வந்து போகிற அழற்சியில் உடம்பு நன்றாகவே சமாளிக்கிறது. அடிபட்ட நொதிச் செல்கள் தற்காலிகமாகத் தங்கள் வேலையை விட்டுவிட்டு, குழாய்ச் செல்லைப் போன்ற எளிய வடிவத்துக்கு மாறுகின்றன. கடையில் தீப்பிடித்தால் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் தண்ணீர் வாளி தூக்குவதுபோல. இப்படி மாறச் சொல்லும் முக்கியமான உத்தரவு கோஹனின் இ.ஜி.எஃப். குடும்பத்திலிருந்து வருகிறது, குறிப்பாக அதன் உறவான டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா. அழற்சி அடங்கியதும் உத்தரவும் அடங்கும், செல்கள் பழைய வேலைக்குத் திரும்பும்.

பிரச்சினை அழற்சி திரும்பத் திரும்ப வரும்போதுதான்.

கொத்தனார் தூங்கப் போகாவிட்டால்

1998-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மினோதி ஆப்தே உள்ளிட்ட குழுவும், ஜெர்மனியின் உல்ம் நகரில் இன்னொரு குழுவும், தனித்தனியாக ஒரே செல்லைக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தன. நட்சத்திர செல். கல்லீரலில் இதே மாதிரி ஒன்று இருப்பது முன்பே தெரியும். சும்மா இருக்கும்போது இந்தச் செல் வயிற்றுக்குள் வைட்டமின் ஏ கொழுப்புத் துளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். கணையச் செல்களில் மிகச் சிறு பங்கு இவை.

புண் வந்ததும் இரண்டு காரணிகள் இதை எழுப்புகின்றன. ஒன்று, பி.டி.ஜி.எஃப். இரத்தத்தட்டுகளில் முதலில் கண்டறிந்த காரணி என்பதால் அந்தப் பெயர். இது நட்சத்திர செல்லைப் பெருகவும் புண் இருக்கும் இடத்துக்கு நகரவும் சொல்கிறது. இன்னொன்று டி.ஜி.எஃப்.-பீட்டா. (டி.ஜி.எஃப்.-ஆல்ஃபாவுடன் பெயர் ஒத்துப்போனாலும் இது வேறு குடும்பம். கண்டுபிடித்த காலத்துக் குழப்பம் பெயரில் தங்கிவிட்டது.) இது கொலாஜன் என்ற நாரை நெய்யச் சொல்கிறது. எழுந்த செல் வைட்டமின் ஏ துளிகளை இழந்து, நீண்டு, கொத்தனாராக மாறி நார்ச்சுவர் எழுப்புகிறது. மது உடைந்து வரும் அசிட்டால்டிஹைடும் நேரடியாகவே இந்தச் செல்லை எழுப்பும் என்பதை ஆப்தேயின் குழு காட்டியது. ஆக, குடிப்பவருக்குக் கொத்தனாரை எழுப்ப இரண்டு வழி.

இங்கதான் விஷயமே இருக்கிறது. எழுந்த நட்சத்திர செல் தானும் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா இரண்டையும் சுரக்கிறது. அதாவது தன் வாசல் பெல்லைத் தானே அழுத்திக்கொள்கிறது. ஒருமுறை வந்து போகும் அழற்சியில் இந்தச் செல்கள் மறுபடி தூங்கிவிடும், அல்லது மடிந்துவிடும். மாதாமாதம், வருடாவருடம் அடி விழுந்துகொண்டே இருந்தால் தூங்க நேரமே கிடைக்காது. சுவருக்கு மேல் சுவர். நொதிச் செல்கள் சுருங்கிக் காணாமல் போகின்றன, சாப்பிட்டது செரிப்பதில்லை. பிறகு இன்சுலின் திட்டுகளும் நார்க்குள் மாட்டிக்கொள்ள, சர்க்கரை நோய் வருகிறது.

கையில் உள்ள தழும்பு வேலை முடிந்ததற்கான அடையாளம். கணையத் தழும்பு பெரும்பாலும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். சித்தப்பாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது.

வலி எங்கிருந்து வருகிறது?

நாள்பட்ட கணைய அழற்சிக்காரர்களின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். கல் அடைப்பது ஒரு காரணம். ஆனால் கல்லை எடுத்த பிறகும் சிலருக்கு வலி போவதில்லை.

லெவி-மொண்டால்சினியின் என்.ஜி.எஃப். இங்கே வருகிறது. நோயுற்ற கணையத்தில் இந்தக் காரணி வழக்கத்தை விட அதிகமாக இருக்கிறது, நரம்புகள் தடித்துப் பருத்திருக்கின்றன, வலியுணரும் நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் கத்தும் அளவுக்குக் கூர்மையாகிவிடுகின்றன. கணையப் புற்றுநோயில் இன்னும் மோசம். புற்றுச் செல்கள் நரம்பை ஒட்டியே ஊர்ந்து பரவுகின்றன.

அப்போ என்.ஜி.எஃப்.-ஐ அடைத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். அடைக்கும் மருந்து ஒன்று செய்தும் பார்த்தார்கள், கணையத்துக்கு இல்லை, மூட்டுத் தேய்மானத்துக்கு. டனெசுமாப் என்று பெயர். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதையத் தொடங்கியது. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. வளர்ச்சிக் காரணிகளோடு மல்லுக்கட்டிய மருந்துகள் பலவற்றுக்கும் இந்த மாதிரி ஒரு முடிவுதான். நோயில் தப்பு செய்யும் அதே காரணி உடம்பில் வேறெங்கோ ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

தழும்பிலிருந்து புற்றுக்கு

பதிலின் இரண்டாம் பாதி சொல்லச் சங்கடமானது. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் மற்றவர்களை விட வாய்ப்பு அதிகம்.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. குடிக்கவே குடிக்காத இளவயதினருக்குக் கணையம் முழுக்கக் கற்கள், கடுமையான சர்க்கரை, ஒட்டிப்போன உடம்பு என்று ஒரு நோய். 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து ஜூய்டெமா என்ற மருத்துவர் விவரித்தார். கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சென்னையிலும் நிறையப் பார்த்தார்கள். ஏழைகள் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவதால்தான் என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. மரவள்ளி சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருந்ததால் அது நிற்கவில்லை. 2002 வாக்கில் இந்தியா, வங்கதேச நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. டிரிப்சின் தப்பித்தவறி விழித்தால் அதைப் பிடித்து அடக்கும் புரதத்துக்கான மரபணு அது. இந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று 1994-ல் வெளிவந்த சென்னை ஆய்வு ஒன்று காட்டியது. சுரேஷ் சாரி, வி. மோகன் உள்ளிட்டோர் செய்தது.

காரணம் எதுவாக இருந்தாலும் நடுவில் நடப்பது ஒன்றுதான்: ஆறாத புண். 1986-ல் ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோயியலாளர், புற்றுக்கட்டி என்பதே ஆறாத புண்தான் என்று ஒரு கட்டுரை எழுதினார். கணையத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது.

எப்படி? புண்ணை ஆற்ற வடிவம் மாறிய நொதிச் செல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு செல்லில் கேராஸ் என்ற மரபணு கெட்டுப்போனால் அந்தச் செல் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை. கேராஸ் என்பது பெல்லுக்கும் வீட்டுக்குள்ளே ஓடும் சங்கிலிக்கும் நடுவிலுள்ள சுவிட்ச். கெட்டால் "ஆன்" நிலையில் சிக்கிக்கொள்ளும். கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தச் சுவிட்ச் கெட்டிருக்கிறது.

சுவிட்சே சிக்கிவிட்ட பிறகு வெளியே யார் பெல் அழுத்தினால் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2012-ல் இரண்டு குழுக்கள் எலிகளில் சோதித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. இ.ஜி.எஃப். ஏற்பியை எடுத்துவிட்டால், கேராஸ் கெட்டிருந்தும் கணையப் புற்று பெரும்பாலும் உருவாகவில்லை. கெட்ட சுவிட்ச் மட்டும் போதாது, ஆரம்பத்தில் வெளியிலிருந்து யாராவது பெல்லை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழற்சி செய்வது அந்த வேலையைத்தான்.

அடுத்து டி.ஜி.எஃப்.-பீட்டா. ஆரோக்கியமான குழாய்ச் செல்லுக்கு இது "பெருகாதே" என்று சொல்லும் காரணி. அந்த உத்தரவைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் புரதங்களில் ஒன்று ஸ்மாட்4. 1996-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதன் மரபணுவைக் கண்டுபிடித்ததே கணையப் புற்றில் அது காணாமல் போயிருந்ததை வைத்துத்தான். ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் அது இல்லை. அதாவது அந்தப் புற்றுச் செல்லுக்கு "நிறுத்து" என்பது காதில் விழாது. பக்கத்தில் இருக்கும் கொத்தனாருக்கோ "கட்டு" என்பது நன்றாகவே கேட்கிறது. கட்டி எவ்வளவு கத்துகிறதோ அவ்வளவு சுவர் எழும்புகிறது. கணையப் புற்றுக்கட்டியை வெட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி புற்றுச் செல்லே இல்லை, இந்த நார்ச்சுவர்தான்.

அப்போ இதையெல்லாம் மருந்தால் அடைக்க முடியாதா?

முயற்சி செய்யாமல் இல்லை. இ.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் எர்லோடினிப் மாத்திரையை வழக்கமான ஜெம்சிடபின் மருந்தோடு சேர்த்து 569 பேரிடம் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 5.91 மாதம். சேர்த்து எடுத்தவர்களுக்கு 6.24 மாதம். கணக்குப் போட்டால் சுமார் 10 நாள். புள்ளியியல்படி அது வெற்றி, அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அந்தப் பத்து நாளுக்கு விலையாகப் பலருக்கு உடம்பெல்லாம் பரு மாதிரிக் கொப்புளம். தோலுக்கும் அதே ஏற்பி வேண்டியிருக்கிறதே!

இரத்தக்குழாய் வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். காரணியை அடைக்கும் பெவாசிசுமாப் குடல் புற்றில் உதவிய மருந்து. கணையப் புற்றில் 602 பேரிடம் சோதித்தார்கள். மருந்தோடு 5.8 மாதம், மருந்தில்லாமல் 5.9 மாதம். நார்ச்சுவர் நெருக்கிய கட்டியில் இரத்தக்குழாய்களே குறைவு, அடைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது ஒரு விளக்கம்.

சரி, சுவரையே இடித்துவிட்டால் மருந்து உள்ளே போகுமே? 2009-ல் எலிகளில் அப்படிச் செய்தபோது பலன் நன்றாக இருந்தது. கொத்தனாருக்குப் போகும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையை வெட்டிப் பார்த்தார்கள். அதே வழியில் மனிதர்களிடம் நடந்த சோதனையை 2012-ல் பாதியில் நிறுத்தினார்கள், மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களை விட மோசமானதால். 2014-ல் எலி ஆய்வுகள் ஏன் என்று காட்டின. கொத்தனார்களை ஒழித்தபோது கட்டி இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது. சுவர் மருந்தை மட்டும் தடுக்கவில்லை, ஓரளவு புற்றையும் கட்டிப்போட்டிருந்தது.

அதனால் இப்போது சிலர் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். கொத்தனாரைக் கொல்ல வேண்டாம், திரும்பத் தூங்க வைக்கலாம். எழுந்தபோது அந்தச் செல் இழந்தது வைட்டமின் ஏ-வை அல்லவா? வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஓர் அமிலத்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் ஆரம்பக்கட்டச் சோதனையின் முடிவை 2020-ல் லண்டன் குழு வெளியிட்டது. பாதுகாப்பாகக் கொடுக்க முடிகிறது என்பது வரைதான் அது சொல்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மீறினால் கல்லீரலுக்கு நஞ்சு.) இன்னொரு பக்கம் கேராஸ் சுவிட்சையே பிடிக்கும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. 2021-ல் நுரையீரல் புற்றுக்கு முதல் மருந்து அனுமதி பெற்றது. அது பிடிக்கும் கோளாறு கணையத்தில் அரிது. கணையத்தில் அதிகம் உள்ள கோளாறுகளுக்கான மருந்துகள் சோதனையில் இருக்கின்றன.

சித்தப்பாவுக்கு

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்று. வளர்ச்சிக் காரணிகளை அடைப்பது இன்றைக்கும் கஷ்டம். அவற்றைக் கூப்பிடுகிற அடியை நிறுத்துவது நம் கையில் ஓரளவாவது இருக்கிறது. போன வாரம் போன் போட்டேன்.

தழும்பு விழுந்ததால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் இனிமேல் அடி விழாவிட்டால் வேலை மெதுவாகும் என்றேன். குடியை விட்டது பெரிய காரியம், கொத்தனாரை எழுப்பும் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டது என்றேன். பீடியும் அதே கணக்குதான். புகை கணைய அழற்சியையும் வளர்க்கிறது, கணையப் புற்று வாய்ப்பையும் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. நுரையீரலுக்குத்தானே கெடுதல் என்று அவர் நினைத்திருந்தார்.

கடைசியாக ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்று தெரியவருகிறது என்று 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. செய்தவர் மேலே சொன்ன அதே சுரேஷ் சாரி. மீதி 99 பேருக்கு அது வெறும் சர்க்கரைதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏற்கெனவே கணையத்தில் தழும்பு இருப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை ஏறி, எடையும் காரணமில்லாமல் குறைந்தால், "சுகர் வந்திருக்கு" என்று மாத்திரையோடு விட்டுவிடாமல், பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பீடிய விடறது குடிய விடறத விடக் கஷ்டம்ப்பா" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சுகர் டெஸ்ட் எப்போ எடுக்கணும்னு சொன்ன?" என்று கேட்டார். சித்தி பக்கத்திலிருந்து போனை வாங்கித் தேதியைக் குறித்துக்கொண்டார்.